நாற்பத்திரண்டு மீற்றர் செம்மஞ்சள்

நாற்பத்தேழாவது வயதில் சரோஜினிதேவிக்கு ஒரு பரீட்சை வந்து சேர்ந்தது.

மெல்பேர்ன் நகரத்துக் கம்பனி ஒன்று, டொக்டர்மார் வாயால் சொல்லிப் பதிவு செய்கிற நோயாளர் குறிப்புகளைக் காதால் கேட்டுத் தட்டச்சுச் செய்வதற்கு ஆள் தேடியது. வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம். பரீட்சையும் வீட்டிலிருந்தேதான், இணையத்தின் வழியாக, ஒரு மணித்தியாலம். ஆறு பதிவுகள் வரும். குறைந்தது ஐந்தையாவது, மொத்தம் ஐந்து பிழைக்கு மேல் போகாமல் முடிக்க வேண்டும். கடிதத்தின் கடைசிப் பந்தியில் மட்டும் ஒரு முள் இருந்தது. பரீட்சை நடக்கும்போது இணைப்பு அறுந்தால் அத்தோடு பரீட்சை முடிந்தது. மறுபடி விண்ணப்பிக்க ஒரு வருடம் பொறுத்திருக்க வேண்டும்.

ஒரு வருடம் பொறுக்க அவளிடம் அவகாசம் இல்லை. கோட்டையில் அவள் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த தேயிலைத் தரகர் கம்பனி, டிசம்பரோடு தட்டச்சுப் பிரிவை மூடுவதாக அறிவித்துவிட்டது. எட்டுப் பேர் இருந்த அறையில் இப்போது அவள் ஒருத்தியும் உறை போட்ட ஏழு இயந்திரங்களும்தான். அது 2008ஆம் ஆண்டு ஒக்டோபர், வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். நாற்பத்தேழு வயதுத் தமிழ்த் தட்டச்சாளருக்குக் கொழும்பில் அந்த வருடம் வேறு யாரும் கதிரை இழுத்துப் போட்டுக் காத்திருக்கவில்லை.

வீட்டில் கணினி இருந்தது. இணைப்புத் தருவதாகத் தொலைபேசிக் கம்பனியும் ஒப்புக்கொண்டிருந்தது. குறுக்கே நின்றது ஒரு வயர்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்தது அந்த மாடிக் கட்டடம். சரோஜினிதேவியும் கணவர் தியாகராசாவும் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். சுவருக்குள் ஓடிய பழைய தொலைபேசி வயரில் ஐந்து இடத்தில் முடிச்சு. ஐந்திலும் உப்புக் காற்று ஏறிப் பச்சை பூத்திருந்தது. அதில் சுன்னாகத்து மாமியின் குரல் வரும், இணையம் வராது. தொலைபேசிக் கம்பனியிலிருந்து வந்தவர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, கேற்றடிப் பெட்டி வரைக்கும்தான் தங்கள் பொறுப்பு, அங்கிருந்து மேலே உங்கள் பாடு என்று சொல்லிப் போய்விட்டார்.

மேலே கொண்டு வருவது இலேசான காரியமில்லை. நிலத்தளத்தில் குடியிருந்த கட்டடச் சொந்தக்காரர் இராஜநாயகம், வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகளைத் தன் கையால் எழுதிச் சேர்த்திருந்தார். ஒன்று, சுவரில் துளை போடக்கூடாது. இரண்டு, வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படும்படி புதிதாக எதையும் பொருத்தக்கூடாது.

இரண்டாவது நிபந்தனைக்கு ஒரு கதை இருந்தது. முந்தின வருடம் சோதனைக்கு வந்த பொலிஸார், படிக்கட்டு ஓரமாகத் தொங்கிய கறுப்பு வயரொன்றைக் காட்டி அது யாருடையது என்று கேட்டார்கள். இராஜநாயகம் தெரியாது என்றார். முதலாம் மாடி தெரியாது என்றது. இரண்டாம் மாடி நேசமலர் ரீச்சர், இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதாகச் சொன்னார். யாருக்கும் சொந்தமில்லாத வயரைப் பொலிஸார் குறட்டால் வெட்டிச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அன்று மாலை ஆறு வீட்டுத் தொலைக்காட்சிகள் ஒரே நேரத்தில் இருண்டன. நாடகத்தில் நாயகியின் கழுத்தில் தாலி ஏறியதா இல்லையா என்று அந்தக் கட்டடத்தில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கேட்கிறவர் துவக்கோடு நின்று கேட்டால், கையில் இருக்கும் குடையைக்கூடத் தன்னுடையது என்று சொல்லாத பழக்கம் அந்தக் கட்டடத்துக்கு வந்திருந்தது. இந்தக் கலையில் தியாகராசாவை மிஞ்ச ஆள் இல்லை. மருந்து இறக்குமதி செய்யும் கம்பனியில் அவர் களஞ்சியப் பொறுப்பாளர். சிங்களம் அவருக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனால் ஒரு வாக்கியத்தை மட்டும் கண்டியில் பிறந்தவர் போலச் சொல்வார்: "அபே நெவெய், மாத்தயா." எங்களுடையது இல்லை, ஐயா. சொல்லும்போது தலையைச் சற்றே சாய்த்துக்கொள்வார். அந்தச் சாய்வில் ஒரு வருத்தமும் இருக்கும், எங்களுடையதாக இருந்திருந்தால் தந்திருப்போமே என்பது போல.

ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டாஞ்சேனையில் வயர்க் கடை வைத்திருக்கும் பௌஸி வந்தார். ஐம்பது வயது, பருத்த உடம்பு, மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. தோளில் கிடந்த மூன்று சுருளையும் கூடத்து நிலத்தில் போட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"கையால தொட்டுப் பாருங்க மிஸ்," என்றார். "கண்ணால மட்டும் பாத்து வயர் எடுக்க ஏலா."

முதலாவது கறுப்பு. கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கிற வகை.

"இதுக்குள்ள உருக்குக் கம்பி ஈக்கிது. கொட்டாஞ்சேனைல பாதிச் சனம் இதுலதான் உடுப்புக் காயப் போடுது. ஒண்ணும் ஆகாது. ஆனா மூலைல வளையாது. ஆணி அடிச்சுத்தான் புடிக்கணும்."

"ஆணி ஏலாது," என்றார் தியாகராசா. "அக்கிரிமென்றில இருக்கு."

இரண்டாவது சாம்பல் நிற உருண்டை வயர். நல்ல சாமான்தான், ஆனால் இருபது மீற்றர், இருபது மீற்றராக இரண்டு துண்டாக இருந்தது. "நடுவுல முடிச்சு வரும். முடிச்சு போட்டா, கடல் காத்து மொதல்ல வந்து குந்துறது அங்கதான்."

மூன்றாவது வெள்ளை. தட்டையாக, மெல்லியதாக, சேலைக் கரை போல இருந்தது. "இது ஊட்டுக்குள்ள போடுற வயர். மேசைல இருந்து சுவத்துக்கு, அவ்வளவுதான். வெயில்லயும் ஈரத்துலயும் போட்டா அப்பளம்."

தியாகராசா எந்த வயரையும் தொட்டுச் சோதிக்கவில்லை. வெள்ளை வயரின் ஒரு நுனியை மனைவியின் கையில் கொடுத்துச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். மூன்றடி பின்னால் போனார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். பிறகு வாசலுக்கு வெளியே போய், முதல்முறை வீட்டுக்கு வரும் ஆளைப் போல உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தெரியுதோ?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும், நான்தானே பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

"எனக்குத் தெரியேல்ல. அப்ப இதுதான்."

"தெரியாமல் இருக்கிறது சரி. அறாமல் இருக்குமோ? அதை ஒருக்கா இவரிட்டக் கேளுங்கோ."

பௌஸி வாயைத் திறப்பதற்குள் தியாகராசா சொன்னார்: "கண்ணில படாட்டி ஆர் அறுக்கப் போகினம்?"

அந்தக் கேள்வியில் அந்த வருடத்து வெள்ளவத்தையின் முழு ஞானமும் அடங்கியிருந்தது. பௌஸி மட்டும் வேலையைத் தொடங்கும்போது முணுமுணுத்தார். "வயர்ண்டா வயர் மாதிரி ஈக்கணும், சேர். ஒளிச்சு வச்ச வயரக் கண்டா எனக்கே பயம் வருது."

வெள்ளை வயர் கேற்றடிப் பெட்டியில் புறப்பட்டு, கழிவுநீர்க் குழாயின் பின்பக்கமாக ஏறி, மூன்றாம் மாடிக் குளியலறையின் கண்ணாடித் தட்டு யன்னலுக்குள்ளால் நுழைந்து, கதவு நிலையைச் சுற்றிக் கூடத்துக்கு வந்தது. துளை ஒன்றும் இல்லை. அன்று பின்னேரம் தியாகராசா, வீட்டுக்கு அடித்து மிஞ்சிய சுண்ணச் சாயத்தை எடுத்து வந்து, வயரின் மேல் நீளத்துக்கும் ஒரு பூச்சுப் பூசினார். இராஜநாயகம் படியேறி வந்து தேடிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாமல் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

இணையம் வந்தது. அறுந்தும் போனது.

காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, சனி ஞாயிறுகளில் மூன்று முறை. அறுந்தால் இருபது நிமிடத்துக்கு வராது. பிறகு தானாகவே வரும். சரோஜினிதேவி சுருக்கெழுத்துக் கொப்பியை எடுத்து, அறுந்த நேரத்தையும் வந்த நேரத்தையும் ஐந்து நாளுக்குக் குறித்தாள். ஐந்தாம் நாள் மாலை ஆறே முக்காலுக்கு இணைப்பு அறுந்தபோது, குளியலறைக்குள்ளிருந்து தேவாரம் கேட்டது. கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினாள். எல்லாம் தேவார நேரங்கள்.

தியாகராசா குளிக்கப் போகும்போதெல்லாம் யன்னலின் கண்ணாடித் தட்டுகளைச் சாத்துவார். கீழ்த் தட்டு வயரின் மேல் அழுத்தி உட்காரும். குளித்து முடித்துத் திறந்தால் உயிர் வரும்.

"இனிப் பரீட்சை முடியும் வரைக்கும் குளிக்காதேங்கோ," என்றாள்.

"மூண்டு கிழமைக்கோ?"

"இல்லாட்டி வயரை மாத்துவம்."

அவர் குளியலைத்தான் விட்டுக்கொடுக்கப் பார்த்தார். யன்னலைத் திறந்து வைத்துக் குளிப்பது அவருக்கு முடியாது. எதிர்க் கட்டடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று நாள் முகம் கைகால் மட்டும் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார். நாலாம் நாள் யன்னல் சாத்தாமலே இணைப்பு அறுந்தது. அழுந்திய இடத்தில் வயரின் தோல் வெடித்து, உள்ளே செம்பு தெரிந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சரோஜினிதேவி கோட்டையிலிருந்து முச்சக்கர வண்டி பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவரும் வந்து மூன்றடி பின்னால் நின்று பார்ப்பார்.

பௌஸியின் கடை ஓர் அலுமாரி அளவு. கூரையிலிருந்து சுருள் சுருளாக வயர் தொங்கியது. அவர் சாப்பாட்டுப் பார்சலை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

"அறுந்துட்டா?"

"அறுந்திட்டுது."

"ஊட்டுக்குள்ள போடுற வயர்ண்டு சொன்னேன். மிச்சம் சொல்ல சேர்தான் வுட்டாரில்ல." அவர் முகத்தில் வெற்றிக் களிப்பு எதுவும் இல்லை. இப்படித் திரும்பி வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார்.

மேசையில் நூல் போல மெல்லியதாக ஏதோ கிடந்தது. அது என்னவென்று கேட்டாள். பௌஸி அதன் ஒரு நுனியில் கைவிளக்கை வைத்து அழுத்தினார். மறு நுனியில் ஊசி முனையளவு வெளிச்சம் பூத்தது.

"கண்ணாடி மிஸ். மின்சாரம் ஓடுறல்ல, வெளிச்சம் ஓடுது. துறைமுகப் பக்கத்துப் பெரிய ஒஃபிசுகளுக்கு இதத்தான் போடுறாங்க."

"எனக்கும் இதையே போடேலாதோ?"

"ஊடுகளுக்கு இது வர இன்னம் காலம் ஈக்கிது. அதோட இத மடிக்கவும் ஏலா. உங்கட சேர் பைப்புக்குப் பொறவால கொண்டு போற மாதிரிக் கொண்டு போனா, பத்து நிமிசத்துல கண்ணாடித் தூள்தான்."

பிறகு அவர் முக்காலியில் ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு சுருளை இறக்கித் தூசி தட்டினார். தூசிக்குக் கீழே நல்ல செம்மஞ்சள் நிறம். பெருவிரலின் பாதித் தடிப்பு. உள்ளே நாலு சோடிக் கம்பி, ஒவ்வொரு சோடியும் முறுக்கி, எல்லாவற்றையும் சேர்த்து வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. ஒரு வங்கிக் கிளை வேலையில் மிஞ்சியது என்றார். உள்ளேயும் போடலாம், வெயிலிலும் போடலாம். அளந்து பார்த்தார்கள். நாற்பத்திரண்டு மீற்றர், ஒரே துண்டு. கேற்றடியிலிருந்து மூன்றாம் மாடி மேசைக்கு முப்பத்தொன்பது வேண்டும்.

சரோஜினிதேவி கையால் தொட்டுப் பார்த்தாள். விரலில் சுற்றிப் பார்த்தாள். விட்டதும் அது மெல்லத் தன் வட்டத்துக்குத் திரும்பியது.

"இது ஏன் இந்த நிறம்?"

"ஆள்ட கண்ணுல படணும்டுதான். தெரியாத்தனமா வெட்டிப்போடக் கூடாதே. கண்ணுல படாத வயர எலியும் வெட்டும், எலக்ட்ரீசியனும் வெட்டுவான்."

"இதைத் தாங்கோ."

"தாறேன். ஆனா வயர்ச் சுருளோட நீங்க பஸ்ஸுல போக வேணாம் மிஸ். ஒவ்வொரு செக்பொயின்ட்லயும் எறக்கி வச்சுக் கதை கேப்பாங்க. நானே கொண்டாறேன்."

ஞாயிற்றுக்கிழமை சுருளைக் கண்டதும் தியாகராசா கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இஞ்சரும், உமக்கு விளங்குதோ? சிவப்பும் மஞ்சளும் கலந்தால் என்ன நிறம் வரும்?"

"செம்மஞ்சள்."

"அந்த ரெண்டு நிறமும் ஆற்றை கொடியில இருக்கு?"

புலிக்கொடி என்று வாயால் சொல்லாமல், அவர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். சரோஜினிதேவிக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் படிக்கட்டில் யாரும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். ஏணியில் நின்ற பௌஸி திரும்பிப் பார்த்தார்.

"சேர், அப்பிடிப் பாத்தா பப்பாசிப் பழம் தின்ன ஏலா. ஹாமுதுருமார்ட சிவுரு என்ன நிறம்? இந்த நாட்டுல அந்த நிறத்துல கத்தரிக்கோல் வைக்கிற பொலிஸ்காரன நான் இன்னம் காணல்ல."

பிக்குமாரின் காவியுடை பற்றிய இந்த வாதத்தைத் தியாகராசா தலையாட்டி ஏற்றுக்கொண்டார். ஆனால் அதனால் அவர் பயம் குறையவில்லை.

இராஜநாயகம் கீழே நின்றார். கழிவுநீர்க் குழாயின் முன்பக்கமாக, அரையடிக்கு ஒரு பிளாஸ்டிக் கட்டோடு, கட்டடத்துக்குப் பூணூல் போட்டதுபோல வயர் ஏறிக்கொண்டிருந்தது.

"பிள்ளை, இது காலி வீதியில நிண்டு பாத்தாலே தெரியும்."

"துளை ஒண்டும் போடேல்ல ஐயா. கட்டு மட்டும்தான். டிசம்பருக்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. இது சரிவந்தால்தான் உங்கட வாடகையும் சரிவரும்."

இராஜநாயகம் குழாயைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "நாளைக்கு வந்து கேட்டாங்கள் எண்டால் நான் தெரியாது எண்டுதான் சொல்லுவன்."

"நீங்கள் தெரியாது எண்டு சொல்லுங்கோ. நான் தெரியும் எண்டு சொல்லுறன்."

அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு வசனத்தை அதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புது வயர் குளியலறையைத் தொடாமல், படிக்கட்டுப் பக்க யன்னலால் கூடத்துக்குள் வந்தது. அந்த யன்னல் எப்போதும் ஒரு சாண் திறந்தே இருப்பது. துருப்பிடித்துப் பல வருடமாக அசையாது. இரண்டு கிழமை இணைப்பு ஒருமுறைகூட அறவில்லை. தியாகராசா கதவு சாத்திக் குளித்தார், தேவாரம் முழுதாகக் கேட்டது. ஆனாலும் வேலை முடிந்து ஒழுங்கையால் வரும்போது, தன் கட்டடத்தை நிமிர்ந்து பார்க்காமல் வேலியைப் பார்த்தபடியே வருவார்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. சரோஜினிதேவி தலை முழுகி, அலுவலகத்துக்குப் போகிற சேலையே கட்டிக்கொண்டு, காதில் கேட்பொறியை மாட்டி உட்கார்ந்தாள். திரையின் மூலையில் அறுபது நிமிடம் பின்னோக்கி ஓடத் தொடங்கியது. முதலாவது பதிவு நெஞ்சு வலி. இரண்டாவது காது வலி. அவுஸ்திரேலிய டொக்டர்மார் வாய்க்குள் ஏதோ வைத்துக்கொண்டு பேசுவது போலப் பேசினார்கள். ஆனால் தேயிலை ஏலத்தில் ஸ்கொட்லாந்துக்காரர்களின் ஆங்கிலத்தைக் கேட்டு வளர்ந்த காது அவளுடையது. பத்து இருபதுக்கு மூன்றாவது பதிவைத் தொடங்கினாள். அறுபத்தொரு வயதுப் பெண், வலது முழங்கால்.

அப்போது கீழே கேற் சத்தம் கேட்டது. சப்பாத்துகள். பிறகு, கேட்பொறியையும் மீறிப் படிக்கட்டு வழியே ஏறி வந்தது ஒரு கேள்வி.

"மே வயர் எக்க காகெத?"

யாருடைய வயர் இது. அந்தச் சிங்களம் அவளுக்கு விளங்கியது. அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் விளங்கும்.

இராஜநாயகத்தின் குரல் தெரியாது என்றது. முதலாம் மாடி தெரியாது என்றது. நேசமலர் ரீச்சர், இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதாகச் சொன்னார். சப்பாத்துகள் மூன்றாம் மாடிக்கு வந்தன. வாசலில் தியாகராசா நின்றார். பரீட்சை நடக்கிறது, யாரையும் உள்ளே விடக்கூடாது என்று அவரை அங்கே நிறுத்தியதே அவள்தான். வயர் அவருடைய தலைக்கு ஒரு சாண் மேலே, யன்னலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அதன் கீழே நின்று, தலையைச் சற்றே சாய்த்து, பிசகே இல்லாத உச்சரிப்பில் அவர் சொன்னார்:

"அபே நெவெய், மாத்தயா."

வந்திருந்த பொலிஸ் சார்ஜன்ட் யாரிடமோ குறடு இருக்கிறதா என்று கேட்டார்.

சரோஜினிதேவியின் விரல்கள் முழங்கால் மூட்டில் நின்றன. திரையில் முப்பத்தாறு நிமிடம். எழுந்தால் நேரம் போகும், எழும்பாவிட்டால் வயர் போகும். அவள் கேட்பொறியைக் கழற்றி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். சார்ஜன்ட் நரைத்த மீசைக்காரர். படியில் ஒரு காலும் மேலே ஒரு காலுமாக நின்றார். பின்னால் துவக்கோடு மூன்று பேர். ஒருவர் கையில் குறடு.

"மேக்க மகே," என்றாள். இது என்னுடையது. அவள் சிங்களம் அலுவலகச் சிங்களம், உடைந்துதான் வந்தது. ஆனால் அந்த இரண்டு சொல்லும் உடையவில்லை.

சார்ஜன்ட் அவளைப் பார்த்தார். தியாகராசாவைப் பார்த்தார். இவர் இந்த வீட்டுக்காரர்தானே, இல்லை என்கிறாரே என்று கேட்டார்.

"அவருக்கு இந்த நிறம் பிடிக்காது," என்றாள். "வயரை வாங்கினது நான். இன்டர்நெட். இப்ப எனக்கு ஒரு பரீட்சை ஓடிக்கொண்டிருக்கு, நின்று கதைக்க நேரமில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வாருங்கள், எங்கே போகிறதென்று உங்களுக்கே தெரியும்."

சொல்லிவிட்டு அவள் திரும்பிப் போய் உட்கார்ந்து கேட்பொறியை மாட்டிக்கொண்டாள். துவக்கோடு நிற்பவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்வது அதுதான் முதல் தடவை. முதுகு முழுவதும் காதாகிவிட்டது.

சார்ஜன்ட் அவள் சொன்னபடியே செய்தார். பொலிஸ்காரர் ஒருவரைக் கீழே அனுப்பிக் கேற்றடிப் பெட்டியிலிருந்து பார்த்து வரச் சொன்னார். அவர் ஒவ்வொரு பிளாஸ்டிக் கட்டாகத் தொட்டுக்கொண்டு மூன்று மாடியும் ஏறி வந்தார். ஒளிவு மறைவாக ஓர் அங்குலம் இல்லை. யன்னல், சுவர், மேசைக் கால், பச்சை விளக்குச் சிமிட்டும் சின்னப் பெட்டி, கணினி. அங்கே வயர் முடிந்தது. சார்ஜன்ட் அவள் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். பெட்டியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், இயந்திரம் போல ஓடும் விரல்களைப் பார்த்தார். இதற்குள் தியாகராசா இரண்டு அடையாள அட்டை, வீட்டாரைப் பதிந்த பொலிஸ் துண்டு, திருமணச் சான்றிதழ், பௌஸியின் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து வெற்றிலை போல நீட்டிக்கொண்டிருந்தார்.

என்ன எழுதுகிறாய் என்று சார்ஜன்ட் கேட்டார்.

அவள் இடது பக்கக் கேட்பொறியை மட்டும் விலக்கினாள். கையை எடுக்காமல் தன் முழங்காலைக் கண்ணால் காட்டினாள். "ஒஸ்ட்ரேலியாவில ஒரு அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். டொக்டர் சொல்லுறதை எழுதுறன்."

"வலது காலா, இடது காலா?"

"வலது."

"எனக்கும் வலதுதான்," என்றார் சார்ஜன்ட். குரலில் முதன்முறையாகச் சீருடை கழன்றிருந்தது. "இந்த மாடிகள். ஒரு நாளைக்குப் பதினைந்து கட்டடம். டொக்டர் அந்த அம்மாவுக்கு என்ன சொல்கிறார்?"

சரோஜினிதேவி கடைசி வசனத்தைக் கேட்டுத் தட்டிவிட்டுச் சொன்னாள். "ஐஸ் வைக்கட்டாம். ஆறு கிழமைக்குப் படி ஏறக்கூடாதாம்."

சார்ஜன்ட் அதைத் தன் ஆட்களுக்குத் திருப்பிச் சொன்னார். மூன்று பேரில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் நாலாம் மாடிப் பக்கம் தலையை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு வலது முழங்காலை ஒருமுறை தடவிக்கொண்டு, இளையவர்கள் இருவரை மேலே அனுப்பிவிட்டு, தான் கைப்பிடியைப் பிடித்தபடி கீழே இறங்கினார். போகும்போது தியாகராசாவிடம் ஏதோ சொன்னார். சரோஜினிதேவிக்கு அது கேட்கவில்லை. இரண்டு காதிலும் நாலாவது பதிவு ஓடிக்கொண்டிருந்தது, சிறுநீரகக் கல்.

ஐந்தாவது பதிவை அவள் முடித்தபோது திரையில் ஐம்பது வினாடி மிச்சம் இருந்தது. ஆறாவதில் ஒரு பெயரும் பிறந்த திகதியும் மட்டும் தட்டினாள். திரை நன்றி சொல்லி மூடிக்கொண்டது. அவள் கேட்பொறியைக் கழற்றிச் சுருட்டி வைத்தாள். தியாகராசா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"நான் இல்லை எண்டு சொல்லியிருக்கக் கூடாது," என்றார்.

"வாய் தானாச் சொன்னது. அதை விடுங்கோ. போகேக்க அவர் உங்களிட்ட என்ன சொன்னவர்?"

தியாகராசா கோப்பையை அவள் பக்கம் தள்ளினார். "நான் சிங்களம் நல்லாப் பேசுறனாம்."

பதினோராம் நாள் முடிவு வந்தது. ஐந்து பதிவுகள், மொத்தம் நாலு பிழை. ஜனவரி முதலாம் கிழமை வேலை தொடங்கலாம். முடிவு வந்த மாதமே இரண்டாம் மாடிக்கு இணைப்பு எடுத்த நேசமலர் ரீச்சர், மூன்றாம் மாடிக்குப் போட்ட அதே நிறத்தில்தான் வேண்டும் என்று பௌஸியிடம் சொல்லிவிட்டார். இராஜநாயகம் ஒப்பந்தத்தின் இரண்டாவது நிபந்தனையைப் பேனையால் அடித்தார். முதலாவதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

தியாகராசா புது வாக்கியம் ஒன்றைப் பயிற்சி எடுத்தார். குளியலறையில் தேவாரத்துக்கும் தண்ணீர்ச் சத்தத்துக்கும் இடையில் அது கேட்கும். பழையதைப் போல அவ்வளவு இலேசில் படியவில்லை. பௌஸி வந்த ஒரு நாளில் அவரிடமே சொல்லிக் காட்டித் திருத்திக்கொண்டார்.

ஜனவரியில் ஒரு முற்பகல். சரோஜினிதேவி உள்ளே இருந்து, யாரோ ஒருவருடைய பித்தப்பையைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள். விடுமுறையில் நின்ற தியாகராசா வாசலில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. தனியொரு பொலிஸ்காரர், இளம் வயது, முகமெல்லாம் வியர்வை. தியாகராசா எழுந்தார். பொலிஸ்காரர் வாய் திறக்கக் காத்திருக்கவில்லை. தலைக்கு மேலே ஓடும் வயரைக் கையால் காட்டினார், கழுத்தைச் சாய்க்காமல் நேராக வைத்துக்கொண்டார்.

"மேக்க மகே நோனாகே, மாத்தயா." இது என் மனைவியுடையது.

பொலிஸ்காரர் வயரைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி வயரைப் பார்த்து, நல்ல வயர்தான் என்று தலையாட்டினார். பிறகு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார்.